சத்தமும் சரக்கும்

ஆடித் தள்ளுபடி, தீபாவளி விற்பனை என்றால் கடை வாசலில் ஒலிபெருக்கி கட்டிவிடுகிறோம். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தால், "நாலு நாள்தானே" என்கிறோம். அவர்கள் காவல் நிலையத்தில் மனு கொடுத்த பிறகே நமக்குச் சட்டம் நினைவுக்கு வருகிறது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றி ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. கடைவீதிக்குப் பகலில் 65 டெசிபல், இரவில் 55 என்பது வரம்பு. குடியிருப்புப் பகுதிக்கு 55, 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்நேரம் குடியிருப்புப் பகுதியில் ஹாரன் அடிப்பதையும் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் தடுக்கிறது.

இது மண்டிக்காரர்களான நமக்கும் பொருந்தும். எங்கள் மண்டிக்கு நடுநிசியில் லாரி வரும். ஹாரன், எண்ணெய் டின்கள் உருளும் சத்தம், கூலியாட்களின் கூச்சல் எல்லாம் சேரும். எதிர்வீட்டு அம்மா, "பிள்ளைக்குப் பரீட்சை, தூக்கமே இல்லை" என்று நேரில் வந்து சொன்னார். நாங்கள் கோபப்பட்டோம். அடுத்த வாரம் தெருவே கையெழுத்திட்டுப் புகார் கொடுத்தது. இரவில் சரக்கு இறக்குவதே நின்றுவிடுமோ என்று பயந்துபோனோம்.

பிறகு எல்லோரையும் அழைத்துப் பேசினோம். இரவில் மூட்டைகள் மட்டும் இறங்கும். டின்கள் காலை 6 மணிக்கு மேல்தான். தெருமுனையிலிருந்தே ஹாரன் கூடாது என்று டிரைவர்களிடம் சொல்லிவைத்தோம். புகாரைத் திரும்பப் பெற்றார்கள்.

முதலில் நம்மிடம் வந்து குறை சொல்பவர் எதிரி அல்ல. அவர் காவல் நிலையம் போகுமுன் நாம் காது கொடுத்தால், வியாபாரமும் நிற்கும், உறவும் நிற்கும்.