ரேஸ் ஏத்தினா சரியாப் போச்சா?

என் பழைய மாருதி ஜிப்ஸிக்கு ஒரு கெட்ட குணம். காலி ரோட்டில் சமர்த்து. திருப்பூர் புஷ்பா தியேட்டர் சிக்னலில் நின்றால் பொசுக்கென்று அணைந்துவிடும். பின்னால் பனியன் லோடு டெம்போக்காரர் என் வம்சத்தையே விசாரிப்பார்!

1985-ல் 970 சி.சி. இன்ஜினோடு வந்த வண்டி ஜிப்ஸி. 2000-ல் எம்.பி.எஃப்.ஐ. வரும்வரை கார்பரேட்டர்தான். என்னுடையது அந்தக் காலத்து ஆசாமி. 'என்ன பெரிய வித்தை!' என்று ஐடிலிங் ஸ்க்ரூவை நானே ரெண்டு சுற்று முடுக்கினேன். சிக்னலில் அணையவில்லை. ஆஹா!

அடுத்த வாரம் மூணாறு போய்த் திரும்பினேன். மறையூர் தாண்டி சின்னாறு இறக்கம். ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலே வண்டி முண்டுகிறது. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து, கருகல் வாடையோடு கீழே வந்தபோது சட்டை தொப்பல்.

காங்கயம் ரோடு மெக்கானிக் சிரித்தார். "ஏனுங்க சார், ஊசி ஒடஞ்ச நிட்டிங் மெஷினுல ஸ்பீடு ஏத்தினா துணியில ஓட்டை அடைஞ்சுருமுங்களா?"

ஒரு வாக்குவம் குழாயைக் கொறடால் நெரித்தார். துடித்த இன்ஜின் சீரானது. குழாயில் வெடிப்பு! அந்த வழியே காற்று திருட்டுத்தனமாக நுழைந்ததால் பெட்ரோல் கலவை நீர்த்துப்போயிருக்கிறது.

புதுக் குழாய் போட்டு, ஸ்லோ ஜெட்டைச் சுத்தம் செய்தார். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும், சோக்கை முழுக்கத் தள்ளி, லைட்டை அணைத்துவிட்டு, ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் தளர்த்தி 850 ஆர்.பி.எம்.மில் நிறுத்தினார்.

இப்போது சிக்னலில் வண்டி அணைவதே இல்லை. பாவம், டெம்போக்காரருக்குத்தான் பேச விஷயமில்லை!