சும்மா சுழலும் தண்டுக்கு எவ்வளவு பெட்ரோல்?

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நகரத்தில் என்ன மைலேஜ், நெடுஞ்சாலையில் என்ன மைலேஜ் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த முறைப்படி அதில் அச்சிட்டிருப்பார்கள். 2022ஆம் ஆண்டின் ஆடி ஏ3 என்ற சிறிய சொகுசுக் காருக்கு இப்படி இரண்டு தாள்கள் உண்டு. இன்ஜின் முன் சக்கரங்களை மட்டும் சுழற்றும் காருக்கு, நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்துக் கேலனுக்கு 32 மைல். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் 'குவாட்ரோ' வகைக்கு 31 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 13.6 கிலோமீட்டர், 13.2 கிலோமீட்டர். இரண்டிலும் அதே 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், அதே 7 கியர் பெட்டி. ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் ஏறக்குறைய 57 லிட்டர், அதாவது ஒரு டேங்க் பெட்ரோல்.

அந்த ஒரு டேங்க் எங்கே போகிறது? நீளமான தண்டு, பின்னால் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் இன்னொரு டிஃபரன்ஷியல், கூடுதல் அச்சுகள் என்று இரும்பு ஏறுகிறது, கனம்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அந்தத் தாளையே இன்னொரு முறை பார்த்தால் கதை வேறு. நகரத்தில் 29க்கு 28, இழப்பு மூன்றரை சதவீதம். நெடுஞ்சாலையில் 38க்கு 36, இழப்பு ஐந்து சதவீதத்துக்கு மேல். கனத்தின் தண்டனை நின்று நின்று கிளம்பும் நகரத்தில்தான் அதிகம் தெரிய வேண்டும். ஒரே வேகத்தில் ஓடும் காருக்குக் கனம் அவ்வளவு சுமையில்லை. இவை முழு எண்ணாக்கிய அளவுகள், மிகத் துல்லியமாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் நெடுஞ்சாலையில் இழப்பு கூடுகிறது என்றால், வேகத்தோடு வளரும் வேறொரு காரணத்தைத் தேடியாக வேண்டும்.

அதற்கு வண்டிக்கு அடியில் போக வேண்டும். ஏ3இல் இன்ஜின் குறுக்கே படுத்திருக்கிறது. முன் டிஃபரன்ஷியலை ஒட்டிய ஒரு பல்சக்கரப் பெட்டி, சுழற்சியைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, பின்பக்கம் போகும் தண்டுக்குக் கொடுக்கிறது. தண்டின் மறுமுனையில், பின் டிஃபரன்ஷியலுக்குச் சற்று முன்னால், எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகளின் அடுக்கு ஒன்று இருக்கிறது. ஸ்வீடனின் ஹால்டெக்ஸ் நிறுவனம் உருவாக்கிய இணைப்பு இது. ஆடியில் 1998இல் வந்த டிடி காரில் இடம்பெற்றது. முன் சக்கரம் வழுக்கத் தொடங்கினால் எண்ணெய் அழுத்தம் தட்டுகளை நெருக்கும், பின் சக்கரங்களுக்கு விசை போகும். உலர்ந்த சாலையில் தட்டுகள் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். அப்போது பார்வைக்கு இது முன்சக்கர வண்டிதான்.

ஆனால் தண்டு நிற்பதில்லை. முன்முனையை முன் சக்கரங்கள் சுழற்றுகின்றன. கிளட்சுக்கு அப்பால் உள்ளதைச் சாலையில் உருளும் பின் சக்கரங்கள் சுழற்றுகின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 830 முறை சுற்றுகிறது; தண்டு அதைவிட வேகமாகச் சுற்றுகிறது. பல்சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று உரசிச் சறுக்குகின்றன, பெட்டிகளுக்குள் கெட்டி எண்ணெய் கடையப்படுகிறது, பேரிங்குகள் சூடாகின்றன. ஒரு வேலையும் செய்யாமல் சுழல்வதற்கே இவ்வளவும். வேகம் ஏற ஏற இந்த உராய்வு தின்னும் ஆற்றலும் ஏறும்.

எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒன்றரை டன் கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் போக, டயர் உருள்வதற்கு 4 கிலோவாட், காற்றைத் தள்ளுவதற்கு ஏழெட்டுக் கிலோவாட், ஆக மொத்தம் 12 கிலோவாட் அளவு போதும். 200 குதிரைசக்தி இன்ஜின் அந்த வேகத்தில் தன் திறனில் பத்தில் ஒரு பங்கைத்தான் தருகிறது. இந்தச் சிறிய தொகையில் அரைக் கிலோவாட் உராய்வாகப் போனாலே நான்கு சதவீதம். தாளில் அச்சான இழப்பும் அந்த அளவில்தான் இருக்கிறது. மேலும், பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் பொதுவாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. அதனால் தண்டு வீணடிக்கும் ஒவ்வொரு பங்குக்கும் டேங்கிலிருந்து பல பங்கு எரிக்க வேண்டியிருக்கிறது.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். 100லிருந்து 120 கிலோமீட்டருக்கு வேகம் ஏறினால் காற்றின் தடை 44 சதவீதம் கூடும், காரை எதிர்க்கும் மொத்த விசை கால் பங்குக்கு மேல் கூடும். குவாட்ரோ மைலேஜ் தரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் வலது காலை. நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். முன் டயர் ஒரு சுற்றளவு, பின் டயர் வேறு சுற்றளவு என்றால் நேர்ச்சாலையிலும் தட்டுகள் ஓயாமல் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும்.

ஆடியின் நான்கு சக்கர இயக்கம், அதாவது ஆல் வீல் டிரைவ், பிறந்ததே பனியில்தான். 1977 குளிர்காலத்தில் ஃபின்லாந்தில் ஆடியின் பொறியாளர்கள் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். துணைக்கு வந்திருந்த, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் 75 குதிரைசக்தி இல்டிஸ் என்ற ராணுவ வண்டி, அதைவிட மிக வலுவான முன்சக்கர ஆடிகளைப் பனிச்சாலையில் பின்தள்ளியது. அதைக் கவனித்த, அந்தப் பொறியாளர்களில் ஒருவரான யோர்க் பென்சிங்கர், இந்த அமைப்பைச் சாலைக் காரில் வைக்கலாம் என்று மேலிடத்தில் வாதாடினார். 1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் முதல் குவாட்ரோ நின்றது. அதில் நான்கு சக்கரங்களுக்கும் எந்நேரமும் விசை போகும்.

பனி நாட்டில் மைலேஜைக் குறைக்கும் பெரிய சக்தி குளிர்தான். சுழியத்துக்குக் கீழே 7 டிகிரியில் சாதாரணப் பெட்ரோல் காரின் நகர மைலேஜ், 25 டிகிரியில் கிடைப்பதைவிடச் சுமார் 15 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் தகவல் தளம். ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி நிறுத்தினால் 24 சதவீதம்கூடக் குறையலாம். மார்கழிக் காலையில் உறையும் தேங்காய் எண்ணெயைப்போலப் பெட்டிக்குள் எண்ணெய் இறுகிவிடும். சூடேறும்வரை எல்லாமே முரண்டு பிடிக்கும். அப்படிப்பட்ட ஊரில் வழுக்கும் ஏற்றத்தில் கார் கிளம்புகிறது என்பதற்காக ஐந்து சதவீதம் கொடுப்பது நியாயமான விலை. உலர்ந்த ஊரில் பெயர்ப்பலகைக்காக மட்டும் அதே விலையைக் கொடுப்பது வீண். பனியில் பிரேக் பிடிப்பதற்கும் ஆல் வீல் டிரைவ் உதவாது. அங்கே காப்பாற்றுவது குளிர்கால டயர்தான்.

தண்டை நிறுத்திவிட்டால் என்ன என்ற கேள்வியை ஆடி 2016இல் தன் பெரிய கார்களில் கையிலெடுத்தது. 'குவாட்ரோ அல்ட்ரா' என்ற அமைப்பில் முன்னால் ஒரு கிளட்ச், பின் அச்சில் இன்னொரு இணைப்பு. இரண்டும் பிரிந்ததும் நடுவில் உள்ள தண்டு அசையாமல் நிற்கும். சக்கரம் வழுக்கிய பிறகு சேர்த்தால் தாமதமாகிவிடும் என்பதால், ஓட்டும் விதத்தையும் சாலைப் பிடிப்பையும் கவனித்து, வழுக்கப் போவதை முன்கூட்டியே கணித்து இணைக்கிறது கணினி. எந்நேரமும் நான்கு சக்கரங்களை இயக்கும் அமைப்போடு ஒப்பிட்டால் 100 கிலோமீட்டருக்குச் சராசரியாக 0.3 லிட்டர் மிச்சம் என்கிறது நிறுவனம்.

நான்கு சக்கரங்களையும் இயக்கும் மின்கார்களில் பொதுவாகத் தண்டே இல்லை. முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார். டெஸ்லாவின் மாடல் எஸ் காரில் இரண்டு மோட்டார் கொண்ட 85டி, ஒரே மோட்டார் கொண்ட 85ஐவிட ஒரே சார்ஜில் ஐந்து மைல் கூடுதலாக ஓடும் என்பது அமெரிக்க முகமையின் மதிப்பீடு: 265க்கு 270. அந்தந்த நேரத்தில் சிக்கனமாக ஓடும் மோட்டாரிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்க முடிவதுதான் காரணம். ஆனால் நிரந்தரக் காந்த மோட்டாரைச் சும்மா சுழலவிட்டாலும் காந்தப்புலம் அதைப் பிடித்திழுக்கும். அதனால்தான் ஆடியின் க்யூ4 இ-ட்ரான் முன் அச்சில் நிரந்தரக் காந்தம் இல்லாத மோட்டாரை வைத்திருக்கிறது. ஹூண்டாயின் சொகுசுப் பிரிவான ஜெனிசிஸின் ஜிவி60 வேறு வழியில் போகிறது: தேவையில்லாதபோது முன் மோட்டாரைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிட ஒரு இணைப்பு வைத்திருக்கிறார்கள்.