வாங்கிய மறு வாரமே விலை இறங்கிவிட்டதா? வயிறு எரியாதீர்கள்!

புது லேப்டாப் வாங்கி வந்தாயிற்று. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டும் ஆயிற்று. அட்டைப் பெட்டிக்குள் இருந்த தெர்மாகோலைக்கூட இன்னும் தூக்கிப் போடவில்லை. அதற்குள் பேப்பரில் முழுப் பக்க விளம்பரம்... அதே கம்பெனி, அதே மாடல், விலை மட்டும் ஒன்பதாயிரம் ரூபாய் குறைவு! பார்த்ததும் அடிவயிற்றில் 'சுரீர்' என்கிறதா இல்லையா?

'வைத்தியர் எதற்கு லேப்டாப் விலையைப் பற்றிப் பேசுகிறார்?' என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. 'நெஞ்சு எரிச்சல்', 'தூக்கமில்லை', 'பிரஷர் ஏறிவிட்டது' என்று என்னிடம் வருகிறவர்களிடம் கொஞ்சம் தோண்டித் துருவிக் கேட்டால், பாதிப் பேருக்கு வியாதியின் வேர் வயிற்றில் இல்லை, மனசில் இருக்கிறது. அந்த மனக்குறைகளில் இது ஒன்று!

பெட்டியைத் திறக்காத மகள்

தூத்துக்குடி துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறவர் அவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. மகள் இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறாள். 62 ஆயிரம் ரூபாய்க்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பதினோராம் நாள் அதே மாடல் 53 ஆயிரத்துக்கு வந்துவிட்டது.

'ராத்திரி கண்ணை மூடினா அந்த வெளம்பரந்தான் டாக்டர் தெரியுது. நெஞ்சுக்குள்ள ஒரே காந்தல். ஒம்பதாயிரம் ரூவா போச்சுல்லா!' என்றார். ரத்த அழுத்தம் பார்த்தேன். 150க்கு 96.

கூட வந்த மனைவி மெதுவாகச் சொன்னார்: 'அவுக சரியா சாப்பிடுறதே இல்ல டாக்டர். பிள்ளைகிட்டயும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்காக. அவ பயந்துக்கிட்டு அந்தப் பெட்டியத் தொறக்கவே இல்ல. நான் கேட்டதாலதானம்மா அப்பாவுக்கு இப்படின்னு அழுவுதா...'

ஒன்பதாயிரம் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் உண்மையில் நஷ்டமாகிக்கொண்டிருந்தது எது? அப்பாவின் உடம்பு, மகளின் படிப்பு, இருவருக்கும் நடுவே இருந்த பேச்சு. இந்த மூன்றுக்கும் எந்தக் கடையிலும் தள்ளுபடி கிடையாது.

ஏன் இவ்வளவு வலிக்கிறது?

டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் 1979-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரம் இதுதான்: நூறு ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட, நூறு ரூபாய் போனால் வரும் வருத்தம் பெரியது. ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பின்னால் கணக்கிட்டார்கள். இந்த வழியில் செய்த ஆராய்ச்சிக்காகக் கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பணம் தொலைந்தால் 'போகட்டும்' என்போம். விலை இறங்கினால் மட்டும், 'பத்து நாள் பொறுத்திருந்தால்...' என்று நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். பத்து நாள் கழித்து நடக்கப் போவது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

சித்த மருத்துவம் உடம்பை வளி, அழல், ஐயம் என்ற மூன்றின் சமநிலையாகப் பார்க்கிறது. கோபமும் ஆற்றாமையும் அழலைக் கூட்டும். அழல் என்றால் பித்தம். நெஞ்செரிச்சல், வாய்க் கசப்பு, தலைச்சூடு, தூக்கக் கேடு எல்லாம் அதன் பின்னாலேயே வரும். 'வயிற்றெரிச்சல்' என்று நம் பாட்டிமார் பொறாமைக்கும் ஆதங்கத்துக்கும் பேர் வைத்தது சும்மா இல்லை!

முத்துக் கரையில் தெரியாத விலையா?

விலை ஏறி இறங்குவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் அரசாங்கம் முத்துக் குளிப்பு நடத்திய காலத்தில், தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பிகளைப் பங்கு பிரிப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. மீதி அரசாங்கத்துக்கு. அந்த அரசாங்கப் பங்கை அன்றன்றைக்கே 'ஆயிரம் சிப்பி இவ்வளவு' என்று ஏலம் விடுவார்கள். சிப்பி மூடியபடியே இருக்கும். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. நேற்று அதிக விலைக்கு எடுத்தவர் இன்று தலையில் கை வைத்து உட்கார்ந்தால் வியாபாரம் நடக்குமா? எடுத்த சிப்பியை அழுக விட்டு, கழுவி, முத்தைத் தேடும் வேலையைத்தான் பார்க்க வேண்டும். தூத்துக்குடியில் அப்படிப்பட்ட முத்துக் குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல்.

முத்து விலையே ஒரு காலத்தில் சரிந்த கதை தெரியுமா? 1917-ல் நியூயார்க்கில் ஒரு பணக்காரர் தம் மாளிகையையே கார்ட்டியே நகைக் கம்பெனிக்குக் கொடுத்தார். பதிலுக்கு அவர் வாங்கியது நூறு டாலரும், இரண்டு சரம் இயற்கை முத்து மாலையும். அந்த மாலையின் அன்றைய மதிப்பு பத்து லட்சம் டாலர்! ஜப்பானில் மிகிமோட்டோ 1893-ல் தொடங்கிவைத்த வளர்ப்பு முத்துகள் பிறகு உலகச் சந்தைக்கு வந்து குவிந்தன. 1929-க்குப் பிறகு பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. 1957-ல் அதே மாலை ஏலத்தில் போனது சுமார் ஒன்றரை லட்சம் டாலருக்கு. விலைதான் இறங்கியது. அத்தனை வருடம் அந்த அம்மாள் கழுத்தில் கிடந்தபோது முத்து மினுங்காமலா இருந்தது?

நம் தூத்துக்குடியிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். எந்தப் பொருளானாலும், அதைச் செய்ய எளிய வழி கண்டுபிடித்துவிட்டால் விலை இறங்கும். இது சந்தையின் சுபாவம்.

நீங்கள் மட்டுமல்ல!

2007-ல் ஆப்பிள் கம்பெனி முதல் ஐபோனை ஜூன் கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 8 ஜிபி போனின் விலை 599 டாலர். செப்டம்பர் 5-ம் தேதி அதையே 399 ஆக்கிவிட்டார்கள். விடிய விடிய வரிசையில் நின்று வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸ், முன்பே வாங்கியவர்களுக்கு 100 டாலருக்கு அதே கடையில் பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்ய வேண்டி வந்தது.

நம் ஊரில் 2025 செப்டம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். 3-ம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது. 22-ம் தேதி முதல் ஏ.சி., பெரிய டி.வி., சின்ன கார் முதலியவற்றுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரி சேர்க்காமல் 30 ஆயிரம் விலையுள்ள ஏ.சி.க்கு இதில் மட்டும் 3,000 ரூபாய் வித்தியாசம். ஆகஸ்ட் வெயில் தாங்காமல் வாங்கியவர்கள் ஏமாளிகளா? இல்லவே இல்லை. அவர்கள் அந்த நாட்களில் நிம்மதியாகத் தூங்கினார்கள்! லேப்டாப்புக்கு அப்போதும் 18 சதவீதம்தான், மாற்றமில்லை.

ஆனியில் பட்டு எடுத்தவர், ஆடித் தள்ளுபடியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது நமக்குப் பழகிய விஷயம்தானே? கம்ப்யூட்டர் சாமான்களில் இது இன்னும் வேகம். வருடா வருடம் புது 'பிராசசர்' வருகிறது. பழைய சரக்கைத் தள்ளிவிடக் கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். சரி, காத்திருந்தால் கட்டாயம் குறையுமா? அதுவும் இல்லை. 2025 கடைசியில் மெமரி சிப்புகளின் விலை கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவு வேலைக்காகப் பெரிய கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு

அந்த அப்பாவிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தேன். முதலில் விளம்பரத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். ஒன்பதாயிரத்தில் நாலாயிரம், குறிப்பிட்ட ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு இருந்தால் மட்டும் கிடைக்கும் சலுகை. அவரிடம் அந்தக் கார்டே இல்லை. ஆக, நிஜமான வித்தியாசம் ஐயாயிரம்.

மகள் படிப்பு நான்கு வருடம். அதாவது 1,460 நாள். ஐயாயிரத்தை வகுத்தால் நாளைக்கு ஏறக்குறைய மூன்றரை ரூபாய். ஒரு டீ விலைகூட இல்லை! ஆனால் மகள் பயந்துபோய்த் திறக்காமல் வைத்திருந்த ஒவ்வொரு நாளும், 62 ஆயிரத்தில் 42 ரூபாய் வீண். வாரண்டி நாளும் சேர்ந்து கழிகிறது.

தாளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். 'பிள்ளையப் போயி படுத்திட்டேனே' என்றார். அன்று மாத்திரையைவிட அந்த வார்த்தைதான் அவருக்கு மருந்தாக வேலை செய்தது என்பேன். அடுத்த முறை வந்தபோது காந்தல் குறைந்திருந்தது. மகள் வகுப்புக்கு லேப்டாப் எடுத்துப் போகிறாளாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் மாடல் எண்ணைச் சரிபாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ராம், எஸ்.எஸ்.டி., பிராசசர் தலைமுறை வேறாக இருக்கும். பழைய லேப்டாப்பைக் கொடுத்தால்தான் அந்த விலை என்றும் இருக்கும்.

2. வித்தியாசம் நிஜம்தான் என்றால், பில்லை எடுத்துக்கொண்டு அன்றே கடைக்குப் போங்கள். சண்டை வேண்டாம். 'அண்ணாச்சி, வாங்கிப் பத்து நாள்தான் ஆகுது. பார்த்துச் செய்யுங்க' என்று கேளுங்கள். பணம் தராவிட்டாலும் பை, மவுஸ், கூடுதல் வாரண்டி என்று ஏதாவது கிடைக்கலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டதா, விதிமுறை என்ன என்று பாருங்கள்.

3. பிறகு விலை இறங்கியது என்பதற்காக மட்டும் பணத்தைத் திருப்பித் தரக் கடைக்காரருக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. ஆனால் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கியிருந்தாலோ, 'விலை இறங்கினால் வித்தியாசம் தருவோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுத்தாலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

4. 'விலை வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று யாராவது போன் செய்தால் உடனே வையுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்.

5. கேட்டுப் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை. அத்தோடு விலை பார்ப்பதை நிறுத்துங்கள். இனி அந்த விலை உங்களுக்குச் சம்பந்தமில்லாதது. திரேஸ்புரத்தில் காலையில் சீலா மீன் வாங்கிய அம்மா, மத்தியானம் விலை என்ன என்று கேட்கப் போவதில்லை. அதற்குள் குழம்பு வைத்துச் சாப்பிட்டாயிற்று!

6. அடுத்த முறை வாங்குமுன், 'புது மாடல் எப்போ வருது? தள்ளுபடி பக்கத்துல இருக்கா?' என்று கேளுங்கள். அவசரம் இல்லையென்றால் பொறுங்கள். பிள்ளைக்கு வகுப்பு தொடங்கிவிட்டது என்றால் பொறுக்க வேண்டாம்.

எரிச்சல் அடங்க...

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக அவ்வப்போது குடியுங்கள். ஒரு வாரம் காரம், புளிப்பு, வெறும் வயிற்றுக் காபி மூன்றையும் குறையுங்கள். மத்தியானம் உப்புக் குறைத்த நீர்மோர் நல்லது. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, செல்போனைப் படுக்கைக்கு வெளியே வையுங்கள். விளம்பரம் துரத்துவது அதற்குள்ளிருந்துதான்! தூக்கம் வராவிட்டால் வெதுவெதுப்பான பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள் போதும். அதிகம் போட்டால் தலைசுற்றும், நஞ்சாகவும் மாறும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம். வாரம் இருமுறை நல்லெண்ணெய்க் குளியல் சூட்டைத் தணிக்கும்.

'முத்துக் கரைக்காரர்தானே, முத்து பற்பம் தாருங்களேன்' என்று சிலர் கேட்பதுண்டு. பற்பங்களை மருத்துவர் கைநாடி பார்த்துத்தான் தர வேண்டும். கடையில் வாங்கித் தானாகச் சாப்பிடாதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தவும் கூடாது. நெஞ்சு எரிச்சலோடு மார்பில் அழுத்தம், இடது கை வலி, வியர்வை இருந்தால் சீரகத் தண்ணீரை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'நான் அப்பவே சொன்னேன்ல?' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாங்கியவர் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிறார். அதற்குப் பதில், 'நல்ல பொருளாத்தான் பார்த்து வாங்கியிருக்கீங்க' என்று சொல்லிப் பாருங்கள். செலவில்லாத மருந்து. பக்க விளைவும் கிடையாது!