ஏழாம் மாத இடுப்பு வலி... அக்குபஞ்சர் போகலாமா?

பாயிலிருந்து எழவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வலி மாத்திரை போடவும் பயம். 'அக்குபஞ்சர் போய்ப் பாரேன்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இடுப்பெலும்பு வலியுள்ள 386 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2005-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு அக்குபஞ்சரும் எடுத்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது.

கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயிறு தெரியாத மாதமென்றால் கட்டாயம். உள் கணுக்காலுக்கு மேலேயும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவேயும் உள்ள புள்ளிகளைப் பல சிகிச்சையாளர்கள் பிரசவ நேரம்வரை தொடுவதில்லை. புது ஊசிதானா? பாக்கெட்டைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

விட்டுவிட்டு வரும் வலி, ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் இருந்தால் ஊசியைத் தேடாமல் உடனே மகப்பேறு மருத்துவரிடம் போய்விடுங்கள், நள்ளிரவானாலும்.