பெயரற்ற சட்டகம்: பொறுப்பு யாருடையது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்வையும் துவிச்சக்கர வண்டியையும் பிரித்துப் பார்க்க முடியாது. 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் மின்கலங்களும் அரிதாகிப்போன காலத்தில், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் விறகையும் நெல்மூடையையும் சுமந்ததும் சைக்கிள்தான். அதன் டைனமோவைச் சுழற்றியே பலர் வானொலியில் செய்தி கேட்டனர். 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, மற்றவர்கள் புதிதாகக் கற்ற பாடம் எமக்குப் பழைய பாடமாகவே இருந்தது.

அந்தச் சைக்கிளின் கதையில் இப்போது புதியதோர் அத்தியாயம் ஆரம்பமாகியுள்ளது. எந்தவொரு வர்த்தகப் பெயரும் பொறிக்கப்படாத காபன் நார்ச் சட்டகங்களை, அதாவது பிறேம்களை, சீனாவிலுள்ள உற்பத்தியாளர்களிடமிருந்து நேரடியாகத் தருவிக்கும் வழக்கம் உலகெங்கும் சைக்கிளோட்ட ஆர்வலரிடையே பரவியிருக்கின்றது. பெயர்பெற்ற நிறுவனத்தின் சட்டகத்துக்குக் கொடுக்கவேண்டிய விலையில் ஒரு பகுதியே இதற்குப் போதுமானது. இதற்கான விளம்பரங்கள் எமது இளைஞர்களின் கைத்தொலைபேசிகளையும் எட்டுகின்றன. இது நல்ல வாய்ப்பா, ஏமாற்றா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. பெயர் என்பது உண்மையில் எதற்காக இருக்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எமது பாட்டன்மார் றலி, ஹம்பர், றட்ஜ் என்று பெயர் சொல்லியே சைக்கிள் வாங்கினர். அப்பெயர்கள் இங்கிலாந்தின் தொழிற்சாலைகளைக் குறித்தன. இன்று நிலைமை வேறு. நொட்டிங்ஹாம் நகரில் றலி நிறுவனம் சட்டகம் தயாரிப்பதை 1999 இல் நிறுத்தியது. 2002 இல் அங்கிருந்த தொழிற்சாலையும் மூடப்பட்டது. பெயர் எஞ்சியது, உற்பத்தி ஆசியாவுக்குச் சென்றது. தாய்வானில் 1972 இல் தொடங்கப்பட்ட ஜயன்ற் நிறுவனம் பிறருடைய பெயர்களில் சைக்கிள் செய்து கொடுத்தே வளர்ந்தது. 1981 இல்தான் அது தன் சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. பெயருக்கு உரியவர் ஒருவர், செய்பவர் வேறொருவர் என்பது இத்தொழிலில் இரகசியமன்று.

நாட்டின் பெயரும் இவ்வாறே. சீனச் சைக்கிள்களுக்கு விதித்திருந்த 48.5 வீதப் பொருட்குவிப்புத் தடுப்பு வரியை ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் இந்தோனேசியா, மலேசியா, துனீசியா ஆகிய நாடுகளோடு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட சைக்கிள்களுக்கும் விரிவாக்கியது. சீன வரியைத் தவிர்ப்பதற்காகப் பண்டம் வேறு நாடுகளின் வழியாக வருகின்றது என்பதே அதன் வாதம். ஆகவே, பெயரில்லாத ஒரே காரணத்தால் ஒரு சட்டகத்தை மட்டமானது எனத் தள்ளிவிடுதல் நியாயமாகாது.

ஆனால், பெரிய நிறுவனத்துக்குச் செய்து கொடுக்கும் அதே தொழிற்சாலையே இதையும் செய்கின்றது என்று விற்பனையாளர் கூறுவதை அப்படியே ஏற்பதும் தவறாகும். அதற்கான காரணம் காபன் சட்டகம் உருவாகும் முறையில் உள்ளது. தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய காபன் இழைகளைப் பிசினில் தோய்த்துத் தாள்களாக்குவர். அத்தாள்களை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் குறித்த திசையில் அடுக்கி, அச்சினுள் வைத்து, உள்ளிருந்து காற்றழுத்தமும் வெளியிலிருந்து வெப்பமும் கொடுக்கும்போது பிசின் இறுகிச் சட்டகமாகின்றது. இழை நீண்டு செல்லும் திசையிலேயே அதன் பலம் மிகுதி. எத்தனை அடுக்கு, எந்தத் திசை, இடையில் காற்றுக்குமிழ் தங்கியதா என்பவையே பலத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே அச்சில் வார்த்த இரண்டு சட்டகங்கள் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல் இருந்தாலும், ஒன்று பல்லாண்டு உழைக்கலாம்; மற்றையது முதல் பள்ளத்திலேயே முறியலாம். வர்ணம் பூசிய பின்னர் வெறுங்கண்ணால் வேறுபாடு காண முடியாது.

இதற்காகவே சோதனைகள் உள்ளன. 2014 இல் வெளியான ஐஎஸ்ஓ 4210 என்னும் சர்வதேசத் தரநியமத்தின்படி, மிதிக்கும் விசையை ஒத்த சுமையை ஒரு சட்டகம் 100,000 தடவைகள் தாங்க வேண்டும். மேலிருந்து விழும் பாரத்தின் மோதலையும் தாங்க வேண்டும். போட்டிகளுக்கான புதிய சட்டகங்களுக்கு 2011 ஜனவரி முதல் சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியத்தின் அங்கீகார முத்திரையும் உண்டு. எனினும் அம்முத்திரை போட்டி விதிகளுக்கு அமைவானது என்பதையே முதன்மையாகக் காட்டுவது. அதைப் பலத்துக்கான சான்றிதழாகக் கொள்ளலாகாது.

பெயர்பெற்ற பொருள்கள் முறிவதில்லையா? முறிகின்றன. 2021 மார்ச்சில் பெல்ஜியத்தில் நடைபெற்ற லு சமின் போட்டியில் நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டெர் பூலின் ஹான்டில் ஓடும்போதே முறிந்தது. அதனைத் தயாரித்த ஜேர்மனியின் கன்யொன் நிறுவனம் சில நாட்களுக்குள் அந்த வகைச் சைக்கிள்களை ஓட்டவேண்டாம் எனத் தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. பெயருக்காக நாம் கொடுக்கும் மேலதிகப் பணம் எதற்கு என்பது இங்கே தெளிவாகின்றது. தவறே நிகழாது என்ற வாக்குறுதியை அப்பணம் வாங்கித் தருவதில்லை. தவறு நிகழ்ந்தால் பதில் சொல்ல ஒருவர் இருக்கின்றார் என்ற உறுதியையே தருகின்றது. பெயரற்ற சட்டகத்தை வாங்குபவர், உற்பத்தியாளருக்கும் பரிசோதகருக்கும் உரிய பொறுப்பைத் தானே ஏற்கின்றார். விலை குறைந்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று.

பெயரில்லாத பொருள் வேறு, பொய்ப்பெயர் தாங்கிய பொருள் வேறு என்பதையும் மறத்தலாகாது. புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைத் திருட்டுத்தனமாகப் பொறித்து வரும் சட்டகங்களும் சந்தையில் உள்ளன. முதல் வகை சட்டபூர்வமான வணிகம். இரண்டாவது, இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். சுங்கத்தில் பறிபோகவும் கூடும். பெயரிலேயே பொய் சொல்பவர் இழை அடுக்கில் உண்மையாக இருப்பார் என்று நம்ப இடமில்லை.

எமது மண்ணின் நிலைமைகளையும் எண்ணிப்பார்க்க வேண்டும். இரும்புச் சட்டகம் பெரும்பாலும் வளைந்து எச்சரித்த பின்னரே முறியும். வெடித்தால் சந்தியிலுள்ள ஒட்டுவேலைக்காரர் ஒட்டித் தருவார். காபன் அவ்வாறன்று. உள்ளே அடுக்குப் பிரிந்திருந்தாலும் வெளியே தெரியாமல் இருந்து, ஒருநாள் திடீரென முறிந்துவிடும். அதனைச் செப்பனிடத் தனிப் பயிற்சி வேண்டும். இருக்கைத் தண்டை இறுக்கும் ஆணிகள் பலவற்றுக்கு 5 நியூற்றன் மீற்றர் அளவே போதும். வழக்கமான முழுப்பலத்தோடு முறுக்கினால் குழாய் நசுங்கும். பாரில் பிள்ளையை ஏற்றவும், கரியர் பூட்டி மூடை கட்டவும் இது ஏற்றதன்று. கடற்காற்றின் உப்பு ஈரத்தில் காபனோடு தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் விரைந்து அரிப்புறும் என்பதும் கரையோர மக்கள் அறிய வேண்டியதே.

விலைக் கணக்கும் விளம்பரத்தில் காணும் தொகையோடு முடிவதில்லை. அனுப்புகைச் செலவு, சுங்கத் தீர்வைகள், 2024 ஜனவரி முதல் 18 வீதமாகவுள்ள பெறுமதி சேர் வரி ஆகியவை அதனோடு சேரும். இறக்குமதி விதிகள் வர்த்தமானி அறிவித்தல்களால் அடிக்கடி மாறுவதால், சட்டகங்களுக்கும் முன்கவைகளுக்கும் உரிய 8714.91 என்னும் சுங்க வகைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டு முன்கூட்டியே விசாரிப்பது நன்று. பெறுமதியைக் குறைத்து எழுதி அனுப்புகின்றோம் என்ற விற்பனையாளரின் சலுகையை ஏற்பவர் சட்டத்தை மீறுவதோடு, பொருள் தொலைந்தால் முழு இழப்பீட்டையும் கோர முடியாதவராகின்றார்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் வாங்க விரும்புபவர், பணம் செலுத்துமுன் சில கேள்விகளைக் கேட்கவேண்டும். சோதனை அறிக்கை குறித்த அதே மாதிரிக்கும் அளவுக்கும் உரியதா? சோதித்த ஆய்வுகூடத்திடம் அதனை உறுதிப்படுத்த முடியுமா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு? பழுதடைந்தால் திருப்பியனுப்பும் செலவு யாருடையது? தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்பவரை விட்டு, முறைப்பாடு செய்து பணத்தை மீளப்பெறக்கூடிய வழியிலேயே செலுத்த வேண்டும். வந்த பொதியைத் திறக்கும்போதே படம் எடுத்து வைத்தல் வேண்டும். சட்டகத்திலும் மேலாகக் கவனிக்க வேண்டியது முன்சில்லைத் தாங்கும் கவையாகும். அது முறிந்தால் ஓட்டுபவர் முகங்குப்புற வீழ்வதைத் தவிர்க்க முடியாது. ஒருமுறை விழுந்தடித்த காபன் கவையை, கீறல் தெரியாவிடினும், தக்கவர் பரிசோதிக்கும்வரை பயன்படுத்தலாகாது.

முன்னர் இந்தப் பொறுப்பைச் சுமந்தவர் கடைக்காரர். யாழ் நகரில் இரும்புப் பொருள் வணிகம் உட்படப் பல துறைகளில் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே கடை வைத்திருந்தனர். பொருளில் குறையிருந்தால் விற்றவரின் முகத்துக்கு நேரே சென்று கேட்க முடிந்தது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக வளர்ந்த அந்த நம்பிக்கையும் அறுபட்டது. விற்கும் பொருளின் குறையை மறையாது சொல்லவேண்டும் என்பது இஸ்லாமிய வணிக அறத்தின் அடிப்படை. வள்ளுவரும் வணிகரைப் பற்றி நடுவுநிலைமை அதிகாரத்திலேயே பேசுகின்றார். இரு சமூகத்துக்கும் பொதுவான இந்த அறத்தைத் தொலைதூர வணிகம் தானாகக் காப்பாற்றித் தராது.

எனவே, எமது சைக்கிள் வணிகர்கள் இத்துறையைத் தமக்கு எதிரியாகக் கருதாமல், சோதனை அறிக்கையுள்ள சட்டகங்களைத் தாமே தருவித்து, முறையாகப் பூட்டி, தம் கடைப்பெயரில் எழுத்துமூல உத்தரவாதம் வழங்க முன்வரலாம். சற்று விலை கூடினாலும் அது வீண்செலவாகாது. சட்டகத்தில் பெயர் இல்லாதிருக்கலாம். அதற்குப் பொறுப்பேற்கும் மனிதர் இல்லாதிருக்கலாகாது.