மொட்டை மாடிச் சூடு

ஏப்ரல் பிறந்துவிட்டால் மேல்மாடியில் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: “ராத்திரி பத்து மணிக்கு ஃபேனைப் போட்டாலும் அனல்தான் இறங்குது, என்ன இன்சுலேஷன் போடலாம்?” டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

அந்தப் பத்து மணியைக் கவனியுங்கள். வெயில் போய் நாலு மணி நேரம் ஆகிவிட்டது. பகல் முழுக்க மொட்டை மாடி வாங்கிய சூடு, கான்கிரீட் தளத்தைக் கடந்து அடிப்பக்கம் வந்துசேரவே சில மணி நேரம் பிடிக்கும். நீங்கள் பாயை விரிக்கிற நேரத்துக்குத்தான் அது வந்து சேர்கிறது. நம் ஊரில் கோடை வெயில் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்பதால் சுவரைவிடக் கூரை அதிகமாகக் காய்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு அடைக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு நாமும் சுவரில் ஆரம்பிக்க வேண்டாம்.

இன்சுலேஷன் எதையும் குளிர வைக்காது. இந்த டீ வந்த ஃபிளாஸ்க்கைப் போலத்தான்: சூட்டின் போக்குவரத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. பொருளுக்குப் பொருள் அந்தத் தாமதத்தில்தான் வித்தியாசம். ஓர் அங்குலத் தெர்மாகோல் தடுக்கிற சூட்டைக் கான்கிரீட்டால் தடுக்க நினைத்தால் ஏறக்குறைய 45 அங்குலத் தளம் போட வேண்டும். தளத்தைக் கனமாகப் போட்டால் வீடு குளுகுளுவென்று இருக்கும் என்று சொல்லும் மேஸ்திரியிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

இன்னொரு கணக்கும் உண்டு. வெளியே ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் ஒரு சதுர மீட்டர் கூரை வழியே எத்தனை வாட் சூடு உள்ளே வரும் என்பதை யூ-வேல்யூ என்பார்கள். குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ கூரைக்கு வைத்த உச்சவரம்பு 1.2. வெறும் ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு யூ-வேல்யூ 3-ஐத் தாண்டும். மேலே ஓர் அங்குலத் தெர்மாகோல் வந்தால் 1-ஐ ஒட்டி இறங்கிவிடும். எக்ஸ்.பி.எஸ். என்ற கெட்டியான ஃபோம் பலகையை இரண்டு அங்குலத்துக்குப் போட்டால் 0.5.

ஆனால் பலகைக்குப் போகுமுன் வெள்ளைப் பூச்சு. வெயிலை உள்ளே விட்டுத் தடுப்பதைவிட வந்த வழியே திருப்பி அனுப்புவது மலிவு. கூல் ரூஃப் பெயின்டோ, சுண்ணாம்போ, வெள்ளை ஓடோ, எதுவானாலும் சரி. தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. புழுதி படிந்தால் பலன் குறையும். கோடைக்கு முன் கழுவிவிடுங்கள், சில வருடத்துக்கு ஒரு முறை மறுபூச்சு கொடுங்கள். கையில் காசு குறைவாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொண்டாலும் தப்பில்லை.

பலகை போடுவதென்றால் தளத்துக்கு மேலேதான் என் ஓட்டு. மேலே போட்டால் தளமே காயாது; சூட்டில் விரிந்து சுருங்கி வெடிப்பு விடுவதும் குறையும். முதலில் ஒழுகல் இருந்தால் அடைத்து வாட்டர் புரூஃபிங், அதன்மேல் பலகை, அதன்மேல் வாட்டம் பார்த்துக் காரை, கடைசியில் வெளிர்நிற ஓடு. பலகைகளுக்கு நடுவே சந்து விடக்கூடாது. ஈரம் குடித்த இன்சுலேஷன் இருந்தும் இல்லாத கணக்குதான். பெட்டிகளில் வரும் உதிரும் தெர்மாகோல் இதற்கு ஆகாது. அடர்த்தி கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர் அதிகம் குடிக்காது என்பதால் மொட்டை மாடிக்கு எக்ஸ்.பி.எஸ். நல்லது, விலைதான் கொஞ்சம் கூட. பழைய வீடென்றால் தளம் கூடுதல் பாரம் தாங்குமா என்று ஒரு இன்ஜினியரைக் கேட்டுவிடுங்கள்.

அபார்ட்மென்ட்டில் மொட்டை மாடி பொதுச்சொத்து. சங்கம் சம்மதிக்காவிட்டால் ஃபால்ஸ் சீலிங்தான் கதி. வெறும் ஜிப்சம் பலகை பெரிதாக எதையும் தடுக்காது, அதன்மேல் ராக்வூல் பரப்புங்கள். தெர்மாகோலைத் திறந்தபடி சீலிங்கில் ஒட்டுவது மட்டும் வேண்டாம்: தீ பிடித்தால் ஆபத்து.

தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த வீட்டுக்குப் பளபளக்கும் ஃபாயில் விற்கிறார்கள். நல்ல சரக்குதான், ஆனால் பளபளப்புக்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டிக் கிடந்தால் பளபளப்புக்கு வேலையே இல்லை.

எதைப் போட்டாலும் ஒன்று. அடுப்பு, ஃபிரிட்ஜ், ஆட்கள் என்று வீட்டுக்குள்ளேயே உண்டாகிற சூடும் சுலபமாக வெளியே போகாது. ஏ.சி. இல்லாத வீடென்றால் வெயில் நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, மேற்குப் பக்கம் தட்டி கட்டி, ராத்திரி காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கொசுவலை அடித்துவிட்டுத் திறங்கள்.