நின்ற வண்டிக்கும் நித்தியச் செலவு

ஜெர்மனியில் 1997-ஆம் ஆண்டு முதல் பருவ எண் பலகை என்று ஒன்று வழக்கத்தில் இருந்து வருகிறது. அதன் வலது ஓரத்தில் இரண்டு சிறிய எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கும். மேலே 04, கீழே 10 என்று இருந்தால், அந்தக் கார் ஏப்ரல் முதல் அக்டோபர் முடியத்தான் வீதியில் ஓடலாம்; எஞ்சிய ஐந்து மாதங்களும் பொது வீதியில் நிறுத்தி வைப்பதற்குக்கூட அதற்கு அனுமதி இல்லை. குளிர்காலத்துப் பனியும், அப்பனியை உருக்குவதற்காகச் சாலையில் தூவப்படும் உப்பும், போர்ஷே 911 போன்ற விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆகாதவை ஆகையாலும், ஓடாத மாதங்களுக்கு வரி இல்லை ஆகையாலும், பல சொந்தக்காரர்கள் இந்த நிபந்தனையை மனமுவந்து ஏற்று, இலையுதிர் காலத்தின் முடிவில் வண்டியைக் கழுவித் துடைத்து ஷெட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

ஆனால் சாவியை எடுத்துவிட்ட மாத்திரத்தில் காருக்குள் மின்சாரச் செலவு நின்றுவிடுவதில்லை. திருடர் பயத்துக்காக வைத்த எச்சரிக்கைக் கருவியும், ரிமோட் சாவியின் சமிக்ஞையை எதிர்பார்த்துக் கொண்டிருக்கும் ரிசீவரும், கடிகாரமும், ஞாபகத்தை இழந்துவிடக் கூடாத சிறு கம்ப்யூட்டர்களும் அல்லும் பகலும் சிறிது சிறிதாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், நாள் ஒன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகிறது. வரவே இல்லாத குடும்பத்தில் தினசரிச் செலவு மட்டும் தவறாமல் நடந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும்: 60 ஆம்பியர்-மணி பேட்டரி இருபத்தைந்து நாளில் பாதியாகி, ஐம்பது நாளில் அடியோடு வற்றிவிடும். ஷெட்டில் நிற்க வேண்டியதோ ஐந்து மாதம்.

வற்றிய பேட்டரியை மறுபடி நிரப்பினால் போயிற்று என்று நினைப்பது சரியல்ல. 1859-இல் காஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு அமைத்த மின்கலத்தின் வம்சத்தில் வந்ததே இன்றைய கார் பேட்டரியும். மின்சாரம் வெளியேறும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும் அப்படிவு, வாரக்கணக்கில் விடப்பட்டால் கடினமான படிகங்களாக இறுகி, பிறகு எத்தனை மின்சாரம் செலுத்தினாலும் கரைய மறுக்கிறது. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவும் நிரந்தரமாகக் குறைகிறது. அன்றியும், நிறைந்த பேட்டரியின் அமிலம் கடுங்குளிரிலும் உறையாது. வற்றிய பேட்டரியில் அது ஏறக்குறையத் தண்ணீராகிவிடுவதால், பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக் குளிரிலேயே உறைந்து கூட்டைப் பிளந்துவிடக் கூடும்.

911-இல் இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் என்ஜின் பின்னால் இருக்க, பேட்டரியோ முன்புறத்து மூடியின் கீழ் இருக்கிறது. பல மாதிரிகளில் அந்த மூடியைத் திறப்பதற்கே மின்சாரம் வேண்டும். ஆகவே பேட்டரி செத்துப் போனால், கதவைச் சாவியால் திறந்து, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்திலுள்ள பியூஸ் பெட்டியிலிருந்து ஒரு முனையை வெளியே இழுத்து, அதற்கு வேறொரு பேட்டரியின் மின்சாரத்தைக் கொடுத்த பிறகே மூடி திறக்கும்.

இத்தனை உபத்திரவத்தையும் தவிர்க்க வந்ததுதான் பராமரிப்பு சார்ஜர். பழைய காலத்துச் சாதாரண சார்ஜர், பேட்டரி நிறைந்ததா இல்லையா என்று பாராமல் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே இருந்து, உள்ளிருக்கும் நீரை வாயுவாக்கிப் போக்கிவிடும். இதுவோ, முதலில் மின்னழுத்தத்தை 14.4 வோல்ட் அளவுக்கு உயர்த்திப் பேட்டரியை நிரப்பி, நிறைந்ததும் தானாகவே 13.6 வோல்ட் சுமாருக்கு இறங்கி, அன்றன்றைய செலவை மட்டும் ஈடு செய்கிறது. அதனாலேயே மாதக்கணக்கில் இணைத்து வைக்க முடிகிறது.

இணைக்கும் முறையில் வரிசை முக்கியம். சார்ஜரைச் சுவர் பிளக்கில் செருகுவதற்கு முன்பாகச் சிவப்புக் கவ்வியைப் பேட்டரியின் நேர்முனையில் மாட்ட வேண்டும்; கறுப்புக் கவ்வியைப் பேட்டரியிலிருந்து சற்று விலகி, வண்டியின் உடலில் அதற்கென்று விட்டிருக்கும் உலோக முனையில் மாட்ட வேண்டும். சார்ஜ் ஏறுகையில் வெளிப்படக்கூடிய ஹைட்ரஜனுக்கு அருகே தீப்பொறி எழாமலிருக்க இது ஒரு காப்பு; எதிர்முனையில் உணர்கருவி பொருத்திய கார்களில், ஏறும் மின்சாரம் கணக்கில் வருவதற்கும் இதுவே வழி. பிறகுதான் சுவர் பிளக். கழற்றும்போது எல்லாம் தலைகீழ்: முதலில் சுவர் பிளக், அடுத்துக் கறுப்பு, கடைசியில் சிவப்பு. கவ்வியே வேண்டாமென்பவர்கள், சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் அறுபடாத சிகரெட் லைட்டர் துளை தங்கள் காரில் இருந்தால், அதற்கேற்ற கம்பியை வாங்கி அதன் வழியாகவே இணைக்கலாம். ஷெட்டில் காற்றோட்டம் மட்டும் அவசியம்.

பேட்டரியின் இனத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2009-இல் போர்ஷே கம்பெனி 911 ஜிடி3 காருக்கு, சாதாரணப் பேட்டரியைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை குறைந்த லித்தியம் பேட்டரியை அறிவித்தது. அத்தகையவற்றுக்கு லித்தியத்துக்கென்றே செய்த சார்ஜரைத்தான் பிரயோகிக்க வேண்டும்.

ஆயினும் இச்சாதனம் நல்ல பேட்டரியைக் காக்குமேயன்றிக் கிழடாகிப்போனதை இளமையாக்காது. குளிர்காலம் முழுவதும் மின்சாரம் ஊட்டப்பட்டு வருவதால் பேட்டரியின் தளர்ச்சி வெளியே தெரியாமலும் போகலாம். ஆகையால் ஏப்ரல் பிறக்கும் முன்பே சார்ஜரைக் கழற்றி, ஓர் இரவு சும்மா விட்டு, மறுநாள் காலையில் மீட்டரை வைத்துப் பார்ப்பது உத்தமம். ஈயப் பேட்டரியில் 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் கவலையின்றிப் புறப்படலாம், 12.4-க்கும் கீழே இறங்கியிருந்தால், சார்ஜரை மறுபடி மாட்டுவதில் பயனில்லை, புதுப் பேட்டரி வாங்குவதே சிக்கனம்.